சிமெண்ட் ஆலையில் நான் காய்ச்சிய முதல் பீர்

முதல் முறை பீர் போடப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மேடம், எத்தனை கிராம்?" பீர் ஆலையில் தரம் பார்த்தே தலை நரைத்து ரிட்டையர் ஆன ஒருத்தியிடம் கேட்க உங்களுக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா? கிராம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தப்பு நடந்துபோன பிறகு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு வீட்டுச் சமையலறையிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடும் ஆசை இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதலில் உங்கள் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்போது தமிழ்நாடு முழுக்க மதுவிலக்கு. தெரிந்தே செய்தேன். சிரிக்காதீர்கள், இது பெருமை இல்லை.

எனக்கு ஊர் விக்கிரமங்கலம். திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் தற்காலிக அனலிஸ்டாகச் சேர்ந்தேன். ஆலையில் புதிதாக ஒரு சூளை கட்டி முடித்திருந்தார்கள். அதை ஓட்டிக் காட்டி, சிமெண்ட் சரியாக வருகிறது என்று கையெழுத்துப் போட வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். எங்களுக்கு அவர் துரை. துரை கையெழுத்துப் போட்டால் சூளை ஓடும். சூளை ஓடினால் எங்களைப் போன்ற தற்காலிக ஆட்களுக்கெல்லாம் நிரந்தர ஆர்டர்.

எனக்கு அந்த ஆர்டர் உயிர்ப் பிரச்சினை. அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். "தை பொறக்கறதுக்குள்ள ஆர்டர் வந்தா வேலைக்குப் போ. வரலன்னா திருமழபாடிதான். மாமன் வூட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க." மாமன் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் என் படிப்பு முடிந்து அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ரசம் வைக்கத் தெரியுமா?" என்பதுதான். அன்றைக்குக் கார்த்திகை பிறந்திருந்தது.

துரைக்கு மது வாங்க பர்மிட் உண்டு. மாதா மாதம் திருச்சியிலிருந்து ஜீப்பில் பீர் பெட்டி வரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுது போட்ட சாலை அது. ஒரு நாள் ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பெட்டி மொத்தமும் நொறுங்கிவிட்டது. டிரைவர் இறங்கியபோது அவர் செருப்பிலிருந்து நுரை வந்தது. அடுத்த பெட்டி மாதம் பிறந்தால்தான் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். துரை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மூட்டை கட்டத் தொடங்கினார். பம்பாய்க்குப் போகிறாராம், பீர் வந்ததும் தந்தி அடித்தால் திரும்பி வருவாராம்.

எங்கள் சீஃப் கெமிஸ்ட்தான் குறுக்கே விழுந்து தடுத்தார். இன்னும் மூன்றே வாரத்தில் ஆலையிலேயே பீர் தயார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நேராக லேபுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"தனம், நீ வெவசாயக் குடும்பம். தானியத்த மொளக்கட்டத் தெரியும். கெமிஸ்ட்ரியும் படிச்சிருக்க. நீதாம்மா போடணும்."

"சார், எனக்கு பீருன்னா என்னன்னே தெரியாது சார்."

"என்ன பெரிய பீரு? சிமெண்டுன்னா கல்லு, சூடு, தண்ணி, நேரம். பீருன்னா தானியம், சூடு, தண்ணி, நேரம். ரெண்டும் ஒண்ணுதான்."

அந்த மனுஷனுக்கு சிமெண்டில் தெரியாதது ஒன்றும் இல்லை. அதுதான் வினை. ஒரு தொழிலில் கரைகண்டவர்களுக்கு உலகத்தில் உள்ள எல்லாத் தொழிலும் அதுவாகவே தெரியும். உங்களில் யாராவது ஐ.டி.யிலிருந்து வந்திருந்தால் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் இருந்த ஒரு பழைய கலைக்களஞ்சியத்தில் பீர் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதுதான் எங்கள் வேதம். பார்லியை முளைக்கட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. அரியலூர் கடைத்தெருவில் பார்லி கிடைத்தது. ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். முளை வரவில்லை, நாற்றம்தான் வந்தது. என் அம்மா வந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது தீட்டுன அரிசி. தோலும் இல்ல, முளையும் இல்ல. தீட்டுன நெல்ல வெதச்சா பயிராவுமா? இதுக்குத்தான் திருச்சிக்கு அனுப்பிப் படிக்க வெச்சமா?"

பட்டம் வாங்கிய பிறகு நான் அவ்வளவு சிறுத்துப்போனது அன்றைக்குத்தான். பிறகு அம்மாவே விதைக்கு வைத்திருந்த கம்பை எடுத்துக் கொடுத்தாள். முளைக்கட்டி, வெயிலில் காயவைத்து, கோழியை விரட்டி, பதம் பார்த்து எல்லாம் அவள்தான் செய்தாள். துரைக்கு வயிறு சரியில்லை, கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "பாவம், பெத்தவ எங்கயோ இருக்கா," என்று கூட ஒரு படி போட்டாள்.

அடுத்து ஈஸ்ட். அரியலூரில் ஒரு பாய் பேக்கரி வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"எதுக்கும்மா ஈஸ்ட்டு?"

"பன்னு சுடறதுக்கு பாய்."

அவ்வளவுதான், மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லா! இந்த ஊர்ல பொம்பளப் புள்ள ஒண்ணு வந்து ஈஸ்ட்டுன்னு பேரு சொல்லிக் கேட்டதே இல்லம்மா!" என்று ஈஸ்ட்டைக் கொடுத்ததோடு, மாவு பிசையும் விதம், உப்பவைக்கும் நேரம், அடுப்பின் சூடு எல்லாவற்றையும் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "வெள்ளிக்கிழமை பன்னு கொண்டாந்து காட்டணும், ஆமா."

பொய் சொன்னதற்குத் தண்டனையாக உட்கார்ந்து பன் சுட்டேன். லேபில் சாம்பிள் காயவைக்கும் அடுப்பில் சுட்டது. அது பன்னாக வரவில்லை, உருண்டைக் கல்லாக வந்தது. சீஃப் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய், சிமெண்ட் கட்டிகளை நசுக்கிப் பலம் பார்க்கும் மெஷினில் வைத்து இயக்கினார். முள் ஏறியது. இன்னும் ஏறியது. "நம்ம ரெண்டாம் தரத்த விட பரவால்லம்மா," என்றார். பாய்க்குக் கடைசியில் திருச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பன்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பிய்த்துப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்து துவா செய்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாரிடம் எதை வாங்கினாலும் எதற்கு என்று உள்ளதைச் சொல்லி வாங்குங்கள். கொடுக்காவிட்டால் போகிறது.

பீருக்குக் கசப்பு வேண்டும். அதற்கு வெளிநாட்டில் ஏதோ ஒரு பூ போடுவார்களாம். நம் ஊரில் கசப்புக்கா பஞ்சம்? நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நிலவேம்பு அரைக் கிலோ கேட்டேன்.

"எத்தன பேருக்கும்மா காய்ச்சல்?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தருக்குத்தாங்க."

"ஒருத்தருக்கு அரைக் கிலோவா? காய்ச்சல் போவும்மா. ஆளும் கூடவே போயிடுவாரு."

ஒரு கைப்பிடி போதும் என்று கட்டிக் கொடுத்தார். அந்தக் கைப்பிடியே அதிகம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஜிப்சம் கதையையும் சொல்லிவிடுகிறேன். கலைக்களஞ்சியத்தில், தண்ணீருக்கு ஏற்றபடி கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பதுண்டு என்று ஒரு வரி இருந்தது. சீஃப் அதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். சிமெண்டில் ஜிப்சம் சேர்ப்பது எங்களுக்குத் தினசரி வேலை. "நான் சொன்னேன்ல, ரெண்டும் ஒண்ணுதான்! நூத்துக்கு நாலு போடு!" என்றார். எங்கள் ஊர்த் தண்ணீரே பாதி சுண்ணாம்பு. டீ போடும் பாத்திரத்தின் அடியில் படிந்திருப்பதைச் சுரண்டினால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். இதில் நூற்றுக்கு நாலு ஜிப்சம் போட்டுக் குடித்தால் துரையைப் பிரேதப் பரிசோதனை செய்ய உளி வேண்டும். நான் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. நோட்டில் மட்டும் "ஜிப்சம்: போடவில்லை" என்று உண்மையை எழுதினேன். அவர் நோட்டைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்.

முளைக்கட்டிய கம்பை இடித்து, நிலவேம்பு போட்டு வீட்டு அண்டாவில் காய்ச்சி, பால் கேனில் ஊற்றி, அரியலூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் மோப்பம் பிடித்துவிட்டு, "என்னம்மா, ஆபீஸ்ல விசேஷமா? பாயாசம் கமகமங்குது," என்றார். ஒரு டம்ளர் கேட்டுவிடுவாரோ என்று ஆலை வாசல் வரும்வரை கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

லேபில் ஒரு மூலையில் கேனை வைத்து ஈஸ்ட் போட்டு மூடினேன். இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா இருப்பது. அதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. சீஃபுக்கு அது முடியவில்லை. சிமெண்ட் கட்டியை மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மூன்று தடவை பலம் பார்ப்போம். அதே கணக்கில் பீருக்கும் ரிஜிஸ்டர் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலையில் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, "மூணு நாள் பலம் பத்தல," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழாம் நாள் அரை டம்ளர் குடித்துவிட்டு, வழக்கமாக என்னை அதட்டுகிறவர், "தனம், நீ நல்லா இருக்கணும்மா," என்றார். பலம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள், செல்போனை உள்ளே வையுங்கள்.

புட்டியில் அடைக்கும்போது நுரை வருவதற்காகக் கொஞ்சம் சீனி சேர்க்க வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். லேபில் காய்ச்சி வடித்த தண்ணீர் வைக்கும் கண்ணாடி ஜாடிகள் இரண்டு இருந்தன. இருப்பதிலேயே சுத்தமான பாத்திரம் அவைதான். அதில் ஒன்றை எடுத்துச் சீனியைக் கரைத்தேன். புட்டிகளுக்குத் தேவையானதை ஊற்றினேன். கரைசல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதை ஜாடியிலேயே விட்டுவிட்டு, பன்னிரண்டு புட்டிகளையும் தக்கை வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டி, சிமெண்ட் கட்டிகளை ஊறப்போடும் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். குளிர்ச்சியான இடம் ஆலையில் அது ஒன்றுதான்.

ஜாடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை. சீனித் தண்ணீர் என்று ஏழே எழுத்து எழுதியிருந்தால் போதும். சீனித் தண்ணீர் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

மறுநாள்தான் புதுச் சூளையின் சிமெண்டுக்குச் சோதனை. துரை, ஆலை மேனேஜர் முன்னிலையில் சீஃபே கட்டி வார்த்தார். அதற்கு முன்னால், ஜாடியில் தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று, சுத்தமான மனிதர் அல்லவா, அவரே நிரப்பியும் வைத்திருக்கிறார். நான் அப்போது சூளைப் பக்கம் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். வார்த்த கட்டியை ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து கழற்ற வேண்டும்.

அடுத்த நாள் எல்லாரும் கூடி நிற்க, சீஃப் முதல் அச்சைக் கழற்றினார். கட்டி நிற்கவில்லை. இட்லி மாவு மாதிரி மேஜையில் வழிந்தது. இரண்டாவதைக் கழற்றினார், அதுவும் வழிந்தது. மூன்றாவதை அவர் கழற்றவே இல்லை.

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. துரை குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கல் சரியாக வேகவில்லை போலிருக்கிறது, சூளையைக் குளிர வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். சூளையைக் குளிர வைத்துத் திரும்ப ஏற்றுவது என்றால் தை போய் மாசி வந்துவிடும்.

"சூள யாரு எரிச்சது? கூப்புடு அவன!" என்று மேனேஜர் கத்தினார்.

செல்லமுத்து ஓடிவந்தார். அவரும் என்னைப் போலத் தற்காலிகம்தான். அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லக்கூடியவர், துரையே தோளில் தட்டிக் கொடுத்திருக்கிறார்.

"தூங்கிட்டியா? தீய விட்டுட்டியா?"

"இல்ல சார். நெருப்பு நல்லாத்தான் இருந்துச்சு சார். ஒரு நிமிசம்கூட கண்ண எடுக்கல சார்."

"பின்ன இது என்னய்யா? இன்னையோட கணக்க முடிச்சிக்கிட்டுக் கெளம்பு."

"சார், நெருப்பு நல்லாத்தான் இருந்துச்சு சார்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மேஜையைப் பார்த்தேன். மேஜைக்குப் பக்கத்தில் ஜாடி இருந்தது. இருந்த இரண்டில் அது நான் சீனி கரைத்த ஜாடி. சிமெண்டில் சர்க்கரை விழுந்தால் இறுகாது என்பது எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். துளி போதும்.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டு, யாரும் இல்லாதபோது ஜாடியைக் கழுவி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை கட்டி வார்த்தால் தானாக இறுகிவிடும். சூளையைப் பிரித்ததால் சரியானது என்று நினைத்துக்கொள்வார்கள். என் ஆர்டர் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அப்பாவிடம் காலில் விழுந்து ஒரு மாதம் கேட்டுக்கொள்ளலாம். இத்தனையும் என் மண்டைக்குள் ஓடியது. நல்லவள் மாதிரி உங்களிடம் நடிக்க எனக்கு விருப்பமில்லை.

செல்லமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். போவதற்குத் தயாராகிவிட்டார். அதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலேயே பேசிவிட்டது.

"சார், அவரு மேல தப்பு இல்ல சார். அந்த ஜாடியில இருந்தது சீனித் தண்ணி சார். நான்தான் வெச்சேன்."

"சீனித் தண்ணியா? லேபுல எதுக்கும்மா சீனித் தண்ணி?" என்றார் மேனேஜர்.

"பீருக்கு சார்."

நான் சீஃபைப் பார்த்தேன். இந்த வேலையை என் தலையில் கட்டிய மகராசன் மேலே பார்த்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கரண்ட் இல்லை, விசிறி ஓடவும் இல்லை. அவர் பேரை நான் சொல்லவில்லை. ஜாடியை வைத்தது நான்தானே. ஆனால் கோபம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

துரைக்கு விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஜாடியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, சூளையைப் பற்றியோ கட்டியைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்காமல், "பீர் எங்கே?" என்றார்.

தொட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தேன். கட்டுக்கம்பியைத் தளர்த்தியதுதான் தாமதம், தக்கை பறந்துபோய் மேனேஜருடைய அறிவிப்புப் பலகையில், "பாதுகாப்பே முதன்மை" என்ற எழுத்தின் மேல் அடித்தது. நுரை சீஃபின் சட்டையில் பாதியை நனைத்தது. மிச்சத்தை துரை கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடித்தார். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நிலவேம்பு சும்மா விடுமா? தன் வாழ்நாளில் குடித்ததிலேயே படுமோசமான பீர் இதுதான் என்று மெதுவாக, தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சூளைக்காரர்களிடம் கற்றுக்கொண்ட தமிழில், "இன்னும் கொஞ்சம்," என்று குவளையை நீட்டினார்.

ஐந்து புட்டி குடித்தார். மிச்சத்தை மேனேஜர் சாக்கடையில் ஊற்றச் சொல்லிவிட்டார். செல்லமுத்துவைச் சூளைக்குத் திரும்பப் போகச் சொன்னார். வேறு தண்ணீரில் வேறு கட்டி வார்த்தார்கள். பிறகு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மையச் சொன்ன, சந்தோசம். ஆனா மதுவிலக்கு நேரத்துல லேபுல சாராயம் காச்சுனோம்னு வெளிய தெரிஞ்சா ஆலைக்கே போலீசு வந்துரும். உன்ன வெச்சிக்க முடியாதும்மா. நாளையிலேர்ந்து வராத."

அவர் செய்தது சரிதான். அழுதுகொண்டே விக்கிரமங்கலம் பஸ் ஏறினேன். கண்டக்டர், "பாயாசம் தீஞ்சு போச்சா?" என்றார். அன்றைக்கு அவர் அடி வாங்காமல் தப்பியது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

வீட்டில், பீர் காய்ச்சினேன், வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. கள்ளுக்கடை இருந்த தெருவில்கூட நடக்காதவர் என் அப்பா. மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் காலையில் வெள்ளை வேட்டி எடுத்து வைக்கச் சொன்னார். திருமழபாடிக்கு நாள் குறிக்கப் போகிறார் என்று அம்மா கிசுகிசுத்தாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பழகிக்கொள்ள வேண்டியதுதானே.

அப்பா செருப்பு மாட்டும்போது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. செல்லமுத்து. ஆலையிலிருந்து அவ்வளவு தூரம் மிதித்து வந்திருந்தார். மூச்சு வாங்க ஒரு துணிப்பையைத் திறந்து, உடைந்த சிமெண்ட் கட்டி ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"ஐயா, இதப் பாருங்க. மூணு நாள் கட்டி. மெஷின்ல வெச்சி ஒடைக்கறதுக்குள்ள மெஷினுக்கே மூச்சு வாங்கிருச்சு. தொரை கையெழுத்துப் போட்டுட்டாரு. எனக்கு ஆர்டர் வந்துருச்சுங்க. தங்கச்சிகிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கு எதுக்குப்பா எங்க வூட்டுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று செல்லமுத்து என்னைப் பார்த்தார். நான் புளியைப் பார்த்தேன். அவர் ஜாடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். "அது வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. நான்தான் தீய விட்டவன்னு பேரோட போயிருப்பேன். என் புள்ளைங்களும் நாளைக்கு அடுத்தவன் வயல்லதான் நின்னுருக்கும்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அப்பா வாசல் கட்டிலைத் தட்டி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அம்மாவைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். கட்டியைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகுதான் மூன்று நாளில் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் கேக்காம, நீயாவா சொன்ன?"

"ஆமாப்பா."

"வேல போயிரும்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதாம்ப்பா."

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

"அந்த எழவக் காச்சுறதுக்குன்னே லைசென்சு வாங்குன கம்பெனி எங்கயாவது இருக்கும்ல, அது எந்த ஊர்லன்னு வெசாரி," என்றார். "காச்சுறதுன்னா அங்க போயிக் காச்சு. நானே வந்து வுட்டுட்டு வரேன்."